தொண்ணூற்றேழாம் பக்கத்துச் சாம்பல்

அந்த நாவலின் தொண்ணூற்றேழாம் பக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. விபூதி தொட்ட விரலை அழுத்தி எடுத்தது போல வெளிறிய சாம்பல் நிறம். போன மாதம் என் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பதற்காக உள்ளே விரித்திருந்த காகிதத்தைப் பிரித்தபோது, அதன் அடியிலிருந்து புத்தகம் கையில் வந்தது. அதை அங்கே ஒளித்து வைத்தவளே நான்தான். ஒளித்த நாளிலிருந்து திறக்கவும் இல்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு திறந்து பார்த்தால், என்னுடையதல்லாத ஒரு விரல் எனக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்துக்குப் போய் வந்திருக்கிறது. கையில் புத்தகத்தோடு பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் எங்கள் வீட்டில் ஒரே தறி, அதில் அண்ணன் பட்டு நெய்தார். அண்ணி போளூர்க்காரர். கல்யாணமாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த நாலு தடித்த பைண்டு புத்தகங்களையும் கொண்டு வந்தார். “மருமக பீரோ கொண்டாருவான்னு பார்த்தா புத்தகக் கடைய கொண்டாந்து எறக்குது” என்று அம்மா சொல்லிச் சிரித்தார். எனக்கோ கொண்டாட்டம். நான் அப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்த பெண். அண்ணிக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம். எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வரும். நான் மர்மக் கதை கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன், அவருக்கு அது ஆகவே ஆகாது. “முடிவ மொதல்ல பாக்கறவ, பந்தியில குந்தினதும் பாயசத்த குடிக்கறவ” என்று தலையில் குட்டுவார்.

அந்த வருஷம் அண்ணி ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தவறியிருந்தன. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போயிற்று, இரண்டாவது பிறந்து ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாருமே சத்தமாகச் சிரிக்கக்கூட யோசித்தோம். இந்த முறையாவது நிற்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அண்ணி குனியக் கூடாது, தறிக்குழியில் இறங்கக் கூடாது, பப்பாளி கூடாது, கொலைக் கதை கூடவே கூடாது. “வயித்துல புள்ளைய வெச்சிகினு அதெல்லாம் காதுல வுழக் கூடாதுமா” என்று கெஞ்சுவது போலச் சொல்வார். பைண்டு புத்தகங்கள் பரண் ஏறின.

ஆனால் பாவு பிணைக்கிற வேலையை மட்டும் அண்ணிதான் செய்தாக வேண்டும். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், மீந்திருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அண்ணி கைக்கு ஒன்று தப்பாது என்று தெருவில் பேர். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அம்மாவும் ஒப்புக்கொண்டார். முழுசாக இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் தறிச் சத்தம் இருக்காது. மற்ற நாளில் தறியறையில் கத்தினாலும் காதில் விழாது. பாவு பிணைக்கும்போது முணுமுணுத்தாலே போதும்.

“பேஜாரா கீதுடி, எதனா படியேன்” என்றார் அண்ணி. அதற்கென்றே காத்திருந்தவள் போல, பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வைத்திருந்த மாத நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். அட்டையில் கண்ணை உருட்டிப் பார்க்கும் ஒரு பெண் படம். அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றிவிட்டேன். குட்டுக்குப் பயந்து இதன் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன். அம்மா வாசற்படி தாண்டும் சத்தம் கேட்டால் உடனே குரலை உயர்த்தி வாழைப்பூ வடை செய்முறை சொல்வேன். நாலாம் தடவை அம்மா, “அந்த வடைய எத்தினி வாட்டிதான்டி சுடுவீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதை ஒரு மலை பங்களாவில் நடந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண். சாயங்காலம் ஒரு இடத்தில் விட்ட தொட்டில் காலையில் வேறு அறையில் கிடக்கும். குழந்தை அழுகிறது என்று அவள் ஓடுவாள், மற்றவர்கள் கேட்கவில்லை என்பார்கள். புருஷன் மேல் சந்தேகம் வரும், பிறகு நர்ஸ் மேல், பிறகு அவள் மேலேயே அவளுக்கு. முதல் நாள் மத்தியானத்துக்குள் பாதிக் கதை வந்துவிட்டோம். அப்போது பார்த்து அம்மா மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க என்னை அனுப்பினார். புத்தகத்தை அண்ணி பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் வேலை கொஞ்சம்கூட நகரவில்லை. “கழுத்து வலிக்குது” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார் அண்ணி. இன்றைக்குப் படிப்பு போதும் என்றும் சொன்னார்.

என் கெட்ட புத்தி சும்மா இருக்குமா? சாயங்காலம் கிணற்றடியில், மங்கின வெளிச்சத்தில், மீதியைப் படித்தேன். தொண்ணூற்றேழாம் பக்கத்தில் மர்மம் உடைந்தது. அந்தத் தொட்டில் முதல் நாளிலிருந்தே காலி. குழந்தை பிறந்த அன்றே இறந்துபோயிருந்தது. தாய் தாங்கமாட்டாள் என்று புருஷன், நர்ஸ், சமையல்காரி எல்லாரும் குழந்தை இருப்பதாகவே நடித்துக்கொண்டிருந்தார்கள். இதையா நான் அண்ணிக்குப் படிப்பேன்? பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம், ஏன் என்று அவராகவே யோசிப்பார். விடிய விடிய புரண்டு, ஒரு முடிவுக்கு வந்தேன்.

மறுநாள் தொண்ணூற்றாறு வரை அச்சில் உள்ளதைப் படித்தேன். அடுத்த பக்கம் வந்ததும் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு நானே சொல்ல ஆரம்பித்தேன். தொட்டிலில் குழந்தையைக் காணவில்லை, யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், உயிரோடுதான் இருக்கிறது என்றேன். யார் தூக்கினது என்று எனக்கே தெரியவில்லை. “அப்புறம்?” என்று கேட்டார் அண்ணி, இழையிலிருந்து கண் எடுக்காமல். நான் திணறின இடத்தில், “அந்த வாட்ச்மேன் பொண்டாட்டிகிட்ட கீதோ இன்னாவோ, அவ அன்னிக்கே ஜாஸ்தி பால் வாங்கிகினு போனா இல்ல?” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அட, என்னமாய் ஊகிக்கிறார் என்று வியந்து அப்படியே பற்றிக்கொண்டேன். கடைசியில் தாய் கையில் குழந்தையைக் கொடுத்து, நாலு பேரை ஜெயிலுக்கு அனுப்பி, கதையை முடித்தேன். அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு, “நல்லா எழுதிகீறான்” என்றார்.

அன்று அண்ணி ஒரு தப்பு செய்தார். கரையும் உடலும் சேருமிடத்தில் ஒரு சிவப்பு இழையும் ஒரு பச்சை இழையும் இடம் மாறிவிட்டன. விரற்கடை அளவு நெய்த பிறகுதான் அண்ணன் கண்டுபிடித்தார். “கத கேட்டுகினு பிணைச்சா இப்படித்தான். இவ கையில இழை மாறி நான் பார்த்ததே இல்ல” என்று அறுத்துச் சேர்த்தார். நான் சொன்ன கதையில் சொக்கிப்போய்த்தான் இழை மாறியது என்று உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை. எவ்வளவு மடச்சியாக இருந்திருக்கிறேன். மாசி மாதம் அண்ணிக்குப் பெண் பிறந்தது, நல்ல கனமாக, தெரு முழுக்கக் கேட்கும் குரலோடு. கதை முடிந்த அன்றைக்கே அண்ணி கண்ணில் படாமல் டிரங்குப் பெட்டிக்குள் காகிதத்துக்கு அடியில் நான் ஒளித்த புத்தகம், கல்யாணமாகிச் சேத்துப்பட்டு வந்தபோது பெட்டியோடு கூடவே வந்துவிட்டது.

சாம்பல் தொட்ட விரல் அண்ணியுடையது. அந்த இரண்டு நாள் தவிர, பிரசவம் வரை அவர் சாம்பல் தொடவில்லை. அதை நினைத்ததும் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஆரணிக்குப் போனேன்.

அண்ணிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய் அந்த ரேகையை விரலால் தடவிப் பார்த்தார். “மண்ணெண்ணெய்க்குப் போனியே, அப்போ. மனசு கேக்கல” என்றார். என் தலையில் குட்டியவர், பாயசத்தை முதலில் குடித்தவர்.

“தெரிஞ்சிகினே ஏன் என்னைப் படிக்க வுட்டீங்க?”

“நிறுத்தச் சொல்லத்தான் நெனச்சேன். தொண்ணூத்தேழு வந்ததும் உன் குரல் மாறிச்சு. அந்தப் புள்ளைய காப்பாத்தப் பாக்கறேன்னு புரிஞ்சிச்சு. அப்பதான் செவப்பையும் பச்சையையும் மாத்திப் பிணைச்சேன். அது பொழைச்சா இதுவும் பொழைக்கும்னு நெனச்சிகினேன். நீ நடுவுல முழிச்சியா, எனக்கு உசுரே போச்சு. அதான் வாட்ச்மேன் பொண்டாட்டிய இழுத்து வுட்டேன்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர், “சரி, ஜல்தி ஆரம்பி. கேட்டு ரொம்ப நாளாச்சு” என்றார். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தொண்ணூற்றேழு வந்தபோது அண்ணன் மகள் காபி எடுத்து வந்தாள். பள்ளிக்கூட வாத்தியார், நாற்பது தாண்டியவள், இன்னும் அதே உரத்த குரல். நின்றபடியே கொஞ்சம் கேட்டுவிட்டு, “அய்யோ, தொட்டில் காலியா? கொழந்தைக்கு இன்னா ஆச்சு?” என்றாள்.

அண்ணி டம்ளரை வாங்கிக்கொண்டு, “அதுக்கு ஒண்ணும் ஆகல. குந்து, உங்க அத்த படிக்கறத கேளு” என்றார்.

அந்தச் சாம்பல் ரேகையின்மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மீதியைப் படித்தேன்.