அப்பாவின் கால்கள் அச்சேறிய கதை

புதன்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டி, அவர்களைப் படம் கீற வைப்பது என் தொழில். இதில் பிள்ளைகளால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை.

இங்கே புதனில் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை கைத்தொலைபேசியோடு சோபாவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று கவலைப்படுபவர்கள், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடைக் கண்ணாடியில் நான் ஒட்டியிருக்கும் விளம்பரத் துண்டைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நானும் மரக்கறி வாங்கும் சில்லுப் பையில் புத்தகங்களைப் போட்டு, நான் இருக்கும் எபினேயிலிருந்து இழுத்துக்கொண்டு போவேன். வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான்.

சோதினை

செவ்ரானில் ஒரு மூன்று வயதுப் பையன். தொப்பியைத் தொலைத்த முயலின் கதையை வாசித்தேன். தொப்பி முயலின் தலையிலேயே இருப்பது அவனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கம்பளத்தில் உருண்டான். பக்கத்தில் அவனுடைய தகப்பன் கொப்பியும் பேனையுமாக இருந்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்:

"கதை நல்லாத்தான் இருக்கு ரீச்சர். இது எத்தினையாம் வகுப்புச் சோதினையிலை வரும்?"

கண்ணாடி அலுமாரி

இனிச் சொல்லப்போவதெல்லாம் லா கூர்னெவ்வில் ஒரே வீட்டில் நடந்தது. பாலனுக்கு லாச்சப்பலில் மளிகைக்கடை. மனைவி வதனிக்கு ஒரு அலுவலகத்தில் வேலை. ஒரே மகள் ஆரணி, ஆறு வயது. முதல்நாள் போனபோது வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரி நிறையச் சிறுவர் புத்தகங்கள் இருந்தன. இப்படி ஒரு வீட்டை நான் கண்டதேயில்லை என்று மனம் குளிர்ந்து போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றும் வாங்கிய பொலித்தீன் உறையோடு, பளிங்கு வாத்துகளுக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவில் நிற்கிறது. அலுமாரிக்குப் பூட்டு வேறு.

திறப்பைக் கேட்டேன். வதனி என் கையைப் பார்த்தார், பிறகு மகளின் கையைப் பார்த்தார்.

"பிள்ளை தொட்டா ஊத்தையாப் போயிடும் ரீச்சர். நீங்கள் வெளியிலை நிண்டு அட்டையை வாசியுங்கோ, அவ கேப்பா."

கால்

என் பையிலிருந்த புத்தகங்களைக் கொண்டு சமாளித்தேன். நாலாவது புதன் ஆரணி தன் அப்பாவைக் கீறினாள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அப்பா: மீசை, சட்டை, பேனை, எல்லாம் உண்டு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் கடையில் கண்டது அவ்வளவுதான். காலையில் அவள் எழும்ப முன் பாலன் போய்விடுவார். வருவது அவள் நித்திரையான பிறகு. கடைக்குப் போனால் மட்டும் அப்பாவைப் பார்க்கலாம், அதுவும் மேற்பாதியை.

அந்தப் படம் அவளை விடவில்லை. கால்கள் எங்கே போயிருக்கும் என்று அவளே யோசித்து, தடித்த தாளை மடித்துக் கோந்து பூசி, எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் செய்துவிட்டாள். அப்பா கடையில் நிற்க, அவருடைய கால்கள் மட்டும் தனியாக ரயிலேறி, பார்க்கில் சறுக்கி விளையாடி, மழையில் நனைந்து, அப்பாவுக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிடுகின்றன. நான் வாசித்து முடித்ததும் ஆரணி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்பாட்டைக் குடுப்பம். அவர் எனக்கு வாசிச்சுக் காட்டட்டும்" என்றாள். ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போய்க் கொடுத்திருக்கிறாள். பாலன் அட்டையில் காலில்லாமல் நிற்கும் தன்னைப் பார்த்த கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"கடைக்கு ஆயிரம் சனம் வந்து போகுது ரீச்சர். ஒரு காலெண்டாலும் கீறச் சொல்லுங்கோ."

நாலு கால்

கால் போடக் கூடாது, அதுதான் கதையே, உள்ளே வாசித்துப் பாருங்கள் என்று மன்றாடினேன். "ஓம் ஓம்" என்று ஒத்துக்கொண்டார். அந்த "ஓம் ஓம்" எங்களுடைய ஆட்கள் வாயில் வந்தால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரமே புத்தகத்தைக் கலியாண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்துக்குக் கொண்டுபோய், முந்நூறு பிரதிக்குச் சொல்லிவிட்டார்.

நான் அறிந்து ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பொன்னிற எழுத்து, உச்சியில் பிள்ளையார், "பாலன் – வதனி தம்பதிகளின் செல்வப் புதல்வி" என்ற வரி, பின்னட்டையில் மளிகைக்கடை விளம்பரம். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும், ஆரணி கீறிய அப்பாவின் கீழே பாலனின் கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த கோட்டுச் சூட்டுக் கால்கள், பளபளக்கும் சப்பாத்தோடு. பார்க்கில் சறுக்கும் கால்களும் அப்படியே இருந்தன. ஆக மொத்தம் அப்பாவுக்கு நாலு கால்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தைவிடப் பயம். என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. அவன் ஆறு வயதில் கீறிய வீட்டுக்கு நான் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் பென்சிலைத் தொடவேயில்லை. ஆரணிக்கும் அது நடக்கப்போகிறது என்று அச்சகக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்:

"அக்கா, இருவது வரியமாக் கலியாணக் காட் அடிக்கிறன். காலில்லாத மாப்பிளையை ஒருநாளும் நான் வெளியிலை விட்டதில்லை."

வெளியீடு

எங்கள் ஊரில் ஒன்று அச்சானால் அதை வெளியிட்டே ஆகவேண்டும். லாச்சப்பல் பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை. நூலாசிரியைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குள் ஆள் முழுதாக மறைந்து போனாள். மூன்றாவது உரையில் மேசைக்குக் கீழே போய், கையில் பாதி கடித்த ரோல்ஸோடு நித்திரையாகிவிட்டாள். போகும் முன் என் காதுக்குள், "அப்பா எப்ப வாசிப்பார்?" என்று கேட்டாள். பாலன் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஆய்வுரை செய்தவர் புலம்பெயர் இலக்கியத்தின் எதிர்காலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் முழங்கினார். இறங்கி வந்தவரிடம் நான் கதை எப்படி என்று கேட்டேன்.

"நூல் இன்னும் கைக்குக் கிடைக்கேல்லைத் தங்கச்சி. வாசிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் கூடக் கதைச்சிருப்பன்."

கத்தரிக்கோல்

அடுத்த புதன் கால் இழுபட இழுபடத்தான் போனேன். இனி அவள் பென்சிலைத் தொடமாட்டாள் என்றே நினைத்தேன். வரவேற்பறையில் புத்தகம் வந்த அட்டைப்பெட்டிகள் பிரிந்து கிடந்தன. நடுவில் ஆரணி, முனை மழுங்கிய கத்தரிக்கோலோடு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கோட்டுச் சூட்டுக் கால்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது பிரதி முடிந்திருந்தது. அவளைச் சுற்றி அறுநூற்றுக்கும் மேற்பட்ட பளபளக்கும் சப்பாத்துகள். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றார்.

கடையில் வைத்து விற்கப் பெட்டியெடுக்க வந்த பாலன் கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். "ஏன் பிள்ளை என்ர காலெல்லாத்தையும் வெட்டுறாய்?" என்று கேட்டார். ஆரணி நிமிரவேயில்லை.

"கால் பார்க்குக்குப் போகோணும் அப்பா. நீங்கள் கடையிலை நில்லுங்கோ."

பாலன் சப்பாத்தைக் கழற்றினார். மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, வெட்டி முடித்த ஒரு பிரதியை எடுத்து முதற்பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தார். ஆரணி கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவருடைய முழங்காலில் சாய்ந்துகொண்டாள். பார்க்குப் பக்கம் வந்ததும் அதை இன்னொருதரம் வாசித்தார். எட்டாம் பக்கமும் முடிந்தது. அவருடைய பையில் கடைத் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னொரு கத்தரிக்கோல் இருக்கோ ரீச்சர்?"

பிள்ளையையும் தகப்பனையும் வீட்டில் புத்தகத்தோடு இருத்துவது எப்படி என்று என்னைக் கேட்பவர்களுக்கு, முந்நூறு பிரதியைப் பிழையாக அச்சடித்துக் கொண்டுவந்து நடு வீட்டில் வையுங்கள் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.