கோமதி தடுக்கப் பார்த்தது

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது காஞ்சிபுரத்திலிருந்து கோமதியின் தம்பி சேகர் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். நான் கையுறையைக் கழற்றினேன். டெங்கு.

சென்னையில் நாங்கள் ஒன்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்கு அவர் எதைத் துரத்திக்கொண்டிருந்தார் என்பது தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செல், டெங்கு வைரஸைத் தானே ஒரு பைக்குள் வாங்கிக்கொள்கிறது. பைக்குள் அமிலம் கூடியதும் வைரஸின் மேற்புரதம் நிமிர்ந்து பையின் சவ்வில் குத்தி நிற்கும். பிறகு மடங்கி, இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒட்டவைக்கும். ஒட்டிய இடத்தில் துளை விழுந்தால் வைரஸின் உட்சரக்கு செல்லுக்குள் இறங்கிவிடும். "அது ஒடச்சிக்கினு போவலபா, சேந்துக்குது" என்பார் கோமதி. இரண்டும் சேர்ந்ததற்கு அடையாளமாக வைரஸில் நாங்கள் ஏற்றிய சாயம் நுண்ணோக்கியில் பளிச்சென்று பரவும். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கும்.

அந்த மடங்கலைத் தடுக்கும் ஒரு பொருளைப் போன ஆண்டு கண்டுபிடித்தார். கண்ணாடித் தட்டில் ஒரு மணி நேரம் பார்த்தும் சாயம் பரவவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து, என்னையும் பக்கத்திலேயே நிற்கவைத்தார். எலிகளுக்குக் கொடுத்தபோது அது ஈரலைக் கெடுத்தது. அத்தோடு குளிர்பெட்டிக்குப் போய்விட்டது.

லீவில் ஊருக்குப் போன இடத்தில் கோமதிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். காய்ச்சல் இறங்கி, வயிற்றுவலி தொடங்கியிருந்தது. டெங்குவில் ஆபத்து அதற்குப் பிறகுதான்; அது நல்ல இறக்கமில்லை என்று கோமதிக்கும் எனக்கும் தெரியும். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா கண்டுபுடிச்ச மருந்து அங்கதானே சார் இருக்குது? கொண்டாந்து குடுங்க."

கோமதியே பதில் சொன்னார். "அது ஈரலக் கெடுக்கும்பா. அதுவுமில்லாம, சேர்றதுக்கு முன்னாடி குடுத்தாதான் தடுக்கும். இப்ப எல்லாம் சேந்துடுச்சு."

சேகர் நம்பவில்லை. நான் எதையோ தர மறுப்பதுபோல் பார்த்தார். சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

காரியத்தன்று, தறி நெய்யும் அவருடைய அப்பா, மகள் என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது சேராம யாராலயும் நிறுத்த முடியாதா சார்?" என்றார்.

"கோமதி நிறுத்தினாங்க ஐயா. தட்டுல."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

கோமதியின் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஈரலைக் கெடுக்காத வேறொரு வடிவத்துக்கான சோதனையைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறார். மூன்றாவது வரியோடு நிற்கிறது. கீழே 'லீவு முடிந்து' என்று குறிப்பு. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பக்கம்தான். நான்காவது வரி என்னவென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.