நஸ்ரின் எனக்காக விட்டுவைத்த பெயர்

அன்று காலை வணக்கக் கூட்டத்துக்கு மணி அடித்த பிறகும், நஸ்ரினுக்காகப் பக்கத்தில் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டு அன்று வந்துவிடுவாள், அவள் ஊரான கானாடுகாத்தானிலிருந்து வரும் பேருந்துதான் தாமதம் போலும் என்று நினைத்தேன். வகுப்பாசிரியை வந்து என் தோளில் கை வைத்து, "உமா, நஸ்ரின் மதுரை ஆஸ்பத்திரியிலேயே தவறிட்டாம்மா" என்றார். மூன்றே நாள் காய்ச்சல். விட்ட இடத்தை நிரப்பி நிற்க எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தோழிகளே, கணினி அறையில் சன்னலோரக் கணினி அவளுடையது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி நூலகத்துக்கு அவள் ஒரு நிரல் எழுதினாள். நிரலில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் செயற்கூறுகளுக்கு நாமெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி பெயர் வைப்போம். அவளோ ஆங்கில எழுத்துகளில் 'வாங்க', 'இங்குட்டுத்தேடு', 'யாருவச்சிருக்கீக' என்று வைத்தாள்.

"எக்ஸாமினர் வந்தா என்னடி சொல்லுவாரு?" என்று ஆசிரியை கேட்டார்.

"அவுகளும் இங்குட்டு உள்ளவுகதானே மிஸ்!"

ஒருநாள் அவள் கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, வைத்திருந்த ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்துவிட்டேன். திரை முழுக்கக் கிறுக்கல். "ஏய், ஒன் கோப்பு கெட்டுப்போச்சுடீ" என்று அலறினேன். "கெடல. மெஷினுக்கு எழுதுன லெட்டர நீ எதுக்கு வாசிக்கிற?" என்றவள், கறுப்புத் திரையில் nm என்ற கட்டளையையும் கோப்பின் பெயரையும் அடித்தாள். செயற்கூறுகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன. பெயருக்கு முன்னால் T இருந்தால் அது இந்தக் கோப்பிலேயே இருக்கிறது. U இருந்தால் இங்கே அதைக் கூப்பிட மட்டும் செய்திருக்கிறார்கள், எழுதியது வேறெங்கிருந்தோ வர வேண்டும். "எங்க ஊருப் பூட்டுன வீட்டு வாசல்ல பேர்ப்பலகை இருக்குல்ல? உள்ள போகாமலே யாரு வீடுன்னு தெரியுது. அம்புட்டுத்தான்" என்றாள்.

அந்த நூலக நிரலில், ஒருவர் அடுத்து எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று சொல்லும் பகுதியை நான் எழுத வேண்டும் என்பது பேச்சு. அவள் பகுதி என்ன தரும், என் பகுதி என்ன திருப்பித் தர வேண்டும் என்பதை என் நோட்டில் குறித்தும் கொடுத்தாள். நான் ஒரு மாதமாக "நாளைக்கு" என்றேன்.

"மொதல்ல கதைப்புத்தகத்த மூடு. ஒன் நாளைக்கு எனக்குத் தெரியாதாக்கும்" என்பாள்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். நிரல் இருந்த பென்டிரைவைக் கேட்டதும் அவள் அம்மா உடைந்துபோனார். "உடுப்புப் பையில இருந்துருக்கு தாயி. பாக்காமத் தொவச்சுப்புட்டேன். அவளப் பெத்த அத்தா சவுதியிலேருந்து வந்ததும் அதத்தான் கேட்டாக. எம்புள்ள எழுதுனதெல்லாம் போச்சா?" வாங்கி வந்த அந்தப் பென்டிரைவ் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. பள்ளியில் அவளுடைய சன்னலோரக் கணினியில் தேடினேன்.

அடுத்த பேட்ச் காப்பியடித்துவிடும் என்று, எழுந்திருக்கும் முன் நாம் எழுதிய மூல நிரலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கணினியிலிருந்து அழித்துவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அவளும் அழித்திருந்தாள். ஆனால் ஆப்ஜெக்ட் கோப்பை அழிக்க மறந்திருந்தாள். நான் nm அடித்தேன். 'வாங்க', 'இங்குட்டுத்தேடு', 'யாருவச்சிருக்கீக'. அவள் பேச்சே இறங்கி வந்தது. கணினி தானே தரும் சிலவற்றை விட்டால், ஒரே ஒரு பெயருக்கு முன்னால்தான் U இருந்தது: 'உமாஎழுதுவா'.

அந்தப் பெயரில், நோட்டில் அவள் குறித்திருந்தபடி, நான்கு நாள் எழுதினேன். அவள் கோப்பையும் என்னுடையதையும் இணைத்ததும் நிரல் ஓடியது. அவள் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். திரையில் "வாங்க, என்ன புத்தகம் வேணும்?" என்று வந்தது. படித்துச் சொன்னேன். "எம்புள்ள இப்புடித்தான் கேப்பா" என்று திரையைத் தொட்டார். "போகலைம்மா" என்றேன்.

மூல நிரல் இல்லாததால் அவள் பகுதியை இனி யாரும் திருத்த முடியாது. கூப்பிட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். நிரலை மூடப் போனபோது, அவள் என்னிடம் சொல்லவே சொல்லாத ஒரு கேள்வி வந்தது: "நாளைக்கும் வாரீகளா?" ஆமா என்று அடித்தால்தான் மூடுகிறது. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி. தேர்வு முடிந்து பள்ளியை விட்டுப் போகும் நாள்வரை, தினமும் போய் ஆமா என்று அடிப்பேன்.