போர்ட் என்ற சொல்லும் என் வீட்டு மேசையும்

இங்கிலிஷ் எனக்கு எழுத்துக் கூட்டவும் வராது. தமிழையே மெல்ல மெல்லத்தான் வாசிப்பேன். ஆனால் போர்ட் என்ற ஒரு இங்கிலிஷ் சொல்லைப் பற்றிக் கேளுங்கள், சோறு வேகும் நேரம் முழுக்கக் கதைப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. என் வீட்டில் இருந்து தின்றுகொண்டே ஒரு மனிசர் எனக்குப் படிப்பித்தது.

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் நான் போர்டிங் வைத்திருந்தேன். என் மனுசன் செத்த பிறகு வீடு எனக்குப் பெரிதாய்ப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சனத்துக்கோ தலை வைக்க ஒரு அறை கிடைப்பது பெரும்பாடு. அறையும் கொடுத்துச் சாப்பாடும் கொடுத்தேன்.

நான் சொல்ல வந்த காலத்தில் நாலு பேர் இருந்தார்கள். கந்தோரில் கிளாக் வேலை செய்த ஒரு தம்பி. லண்டன் விசாவுக்குக் காத்திருந்த ஒரு தாயும் மகளும். நாலாவது மாஸ்டர். ஊரில் இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வு எடுத்தவர், மகன் கனடாவுக்கு எடுக்கிறான் என்று வந்து இருந்தவர். அவருக்கு முன்னால் சோற்றை வைத்தால் போதும், விளக்கம் தொடங்கிவிடும்.

"தங்கச்சி, போர்டிங் வைச்சிருக்கிறாய். போர்ட் எண்டால் என்ன எண்டு தெரியுமோ?"

"கடை வாசலில தொங்கிறது" என்றேன்.

"அது ஒண்டு. வகுப்பில எழுதிறதும் போர்ட். கெரம் விளையாடுறதும் போர்ட். ஆனால் ஆதியில அதுக்குப் பலகை எண்டுதான் அர்த்தம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பலகையைக் கால் குடுத்து நிப்பாட்டி, அதைச் சுத்தியிருந்து சாப்பிட்டவை. அதால மேசைக்கும் அந்தப் பேர். பிறகு மேசையில வைக்கிற சாப்பாட்டுக்கும் அதே பேர். சாப்பாடு போட்டு வைச்சிருக்கிற வீடு போர்டிங். மேசையைச் சுத்தியிருந்து தீர்மானம் எடுக்கிற பெரிய ஆக்களும் போர்ட். கப்பலின்ர பக்கத்துப் பலகையும் அதுதான். அதால கப்பல் ஏறினாலும் அந்தச் சொல்லு, பிளேன் ஏறினாலும் அந்தச் சொல்லு."

"முதலில பிளேன் ஏறுங்கோ மாஸ்டர், பிறகு சொல்லைப் பாப்பம்" என்றான் கந்தோர்த் தம்பி. "குழம்பு ஆறுது."

பலகையின் பூர்வீகம் இவ்வளவு தெரிந்த மனிசர், தான் சிந்திய பருக்கையை அந்தப் பலகையிலிருந்து ஒருநாளும் துடைத்ததில்லை. ஈரத்துணியோடு பின்னால் நின்றது நான்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை காலைதான் ஒரு பிள்ளை அறை கேட்டு வந்தாள். காலி வீதியில் ஒரு சாறிக் கடையில் நிற்பவள், மலைநாட்டுப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தவள். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அப்போது கொழும்பில் தமிழர் நாங்கள் எந்த வீட்டில் இருந்தாலும் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும். பதியாத ஆளைச் செக்கிங்கில் ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவாள் என்று ஒருவருக்கும் தெரியாது. புது வீட்டுப் பதிவு இல்லாமல் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று கடை முதலாளியும் சொல்லிவிட்டார். அவளுடைய உழைப்பில்தான் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் தாயும் தங்கச்சிகளும் சாப்பிட்டார்கள்.

அன்று மத்தியானமே மேசையில் ஐந்தாவது சோற்றுக் கோப்பையை வைத்தேன். மாஸ்டர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஒரு பழக்கம். ஆளைப் புதிதாய்க் கண்டால் பேர் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி, அதுவும் சொன்னால் கோயிலுக்கு எந்தப் பக்கம். மூன்றாவது மறுமொழியில் சாதி கையில் வந்துவிடும். வாய் திறந்து கேட்ட குற்றமும் இல்லை.

"பிள்ளை எவடம்?"

"ஹட்டன் பக்கம் எஸ்டேட்டுங்க."

"அது வேலை செய்யிற இடம். சொந்த ஊர் எவடம்?"

"எஸ்டேட்தாங்க சொந்த ஊரு. அங்கதான் பொறந்தேன்."

"அதுக்கு முதல்?"

"பொறக்கிறதுக்கு முன்னாடிங்களா?"

லண்டன் போக இருந்த மகள் சிரித்துவிட்டாள். தாய் அவளுடைய தொடையில் கிள்ளினது எனக்குத் தெரிந்தது. மாஸ்டரின் கணக்கில் அந்தப் பிள்ளைக்குக் கோயிலடியும் இல்லை, கிழக்குப் பக்கமும் இல்லை. பிடிக்க ஒரு நுனியும் கிடைக்காமல் மனிசர் தவித்துப் போனார். எழும்பிக் குசினிக்கு வந்தார்.

"தங்கச்சி, அவளுக்குக் குசினியில வைச்சுக் குடு. இல்லாட்டி நாங்கள் நாலு பேரும் வேற இடம் பாப்பம்."

"மற்றவையும் சொன்னவையோ?"

"சொல்லத் தேவையில்லை. எங்கட ஆக்கள்தானே."

"பொலிசில பதியப் போறன், மாஸ்டர்."

"பதிஞ்சால் நான் இங்க இல்லை."

எனக்கு அந்தப் பிள்ளையில் பெரிய இரக்கம் என்று நினைக்காதேயுங்கள். அவளுடைய எண்ணெய்த் தலை என் தலையணை உறையில் படப்போகிறதே என்று எனக்கும் காலையில் மனம் சுளித்ததுதான். ஆனால் என் அடுப்படியில் வந்து நின்று, என் கையால் தின்ற வாயால், ஆரை எங்கே இருத்துவது என்று எனக்குச் சொல்ல ஒருவர் இனித்தான் பிறக்க வேண்டும்.

ஞாயிறு காலை மத்தியானக் கறியையும் சமைத்து வைத்துவிட்டு, நல்ல சீலை உடுத்து அவளையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்த பொலிஸ் சார்ஜன்ட் அவளுடைய ஐடென்ரி கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலைநாட்டு விலாசம், கொட்டாஞ்சேனைப் பழைய பதிவு, இப்போது வெள்ளவத்தை. அவருக்குப் பிடிக்கவில்லை.

"மெயா ஒயாகே கவுத?" இவள் உனக்கு ஆர் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

போர்டிங்கில் இருக்கிற பிள்ளை என்றால், அவளைக் கொண்டுவந்து விட்ட சொந்தக்காரர் எங்கே என்பார். பிள்ளை சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி என்னைப் பார்த்தாள்.

"அபே கெதர கெனெக்" என்றேன். எங்கள் வீட்டு ஆள்.

ஏதும் நடந்தால் உன்னைத்தான் வந்து பிடிப்போம் என்றார். வீடு தெரியுந்தானே, வாருங்கோ மாத்தயா என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பதிவுத் துண்டில் முத்திரை குத்தினார்.

மத்தியானம் நாங்கள் திரும்பி வர, ஒழுங்கையில் ஒரு திரீவீலர் நின்றது. மாஸ்டர் பெட்டியோடு விறாந்தையில் இருந்தார். ஹெந்தளையில் அவருக்கு ஒரு மச்சான். நான் வந்து மறிப்பேன் என்று எவ்வளவு நேரமாய்க் காத்திருந்தாரோ தெரியாது, திரீவீலர்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். 'எங்கட ஆக்கள்' மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

"அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று தாய்க்காரி கேட்டா.

"பாரை மீன்" என்றேன்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப நான் போறன்."

"ஓம். வெயில் இன்னும் கூட முதல் வெளிக்கிட்டால் நல்லம்."

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். கந்தோர்த் தம்பி உதவிக்கு அரைவாசி எழும்பினான், நான் சூடுகாட்டிய குழம்புச் சட்டியோடு வருவதைக் கண்டு திரும்ப இருந்தான். வீரர்கள். அந்தப் பிள்ளை தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறாய்?"

"நான் உள்ளாற சாப்பிட்டுக்கிறேங்கம்மா. என்னாலதானே அவரு."

"உன்னால ஒண்டுமில்லை. இரு. மீன் ஆறினால் வெடுக்கடிக்கும்."

மாஸ்டர் இருந்த கதிரையில்தான் இடம் இருந்தது. அதன் நுனியில் இருந்தாள். முதலில் மீனின் முள்ளை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தாள். பிறகு இரண்டாந்தரம் சோறு கேட்டாள், போட்டேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, பொலிசுத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டாள்.