பதினோரு தட்டும் இருபது இலக்கமும்

கணிதப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில், ஒரு மாதம் முழுக்க ஒரே எண்ணை வகுத்துக்கொண்டிருந்தேன். ஏழில் தொடங்கி ஏழில் முடியும் இருபது இலக்க எண். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். ஆயிரத்துக்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடாது என்று காட்டுவது என் புராஜெக்ட். தேறினால்தான் பட்டம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை மாட்ட அம்மா சுவரில் ஆணியே அடித்துவைத்திருந்தாள்.

கால்குலேட்டரில் இருபது இலக்கம் நுழையாது. கையால்தான் வகுத்தேன். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை. பதினொன்றுக்கு வந்தபோது அக்காவின் நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பதினோரு தட்டுகளும் என் நோட்டைச் சுற்றிக் கிடந்தன. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா கேட்டாள்.

“இன்னாடா முணுமுணுத்துகினு கீற?”

“பதினொண்ணால வகுக்கிறேம்மா.”

“அப்டின்னா?”

“பதினோரு பங்கா பிரிச்சு, மீதி வருதான்னு பாக்குறது.”

அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “பதினோரு தட்டு வச்சி நிச்சயம் பண்ணிகினு போயிருக்காங்க. நீ பதினொண்ண வச்சி பிரிச்சினு குந்திகினு கீற! கல்யாணம் முடியிற வரைக்கும் அதத் தொடாத.”

அக்கா என்னையே பார்த்தாள். நான் பதிமூன்றுக்குப் போய்விட்டேன்.

பிரவுசிங் சென்டரில் டைப் அடித்த அட்டவணையில் பகா எண்ணுக்கு ஒன்றாக நூற்று அறுபத்தெட்டு வரிகள். நூற்று அறுபத்தேழில் ‘வகுபடாது’. பதினொன்றுக்கு எதிரே மட்டும், பொய் எழுத மனசில்லாமல், ‘குடும்பக் காரணங்களால் பார்க்கப்படவில்லை’ என்று போட்டிருந்தேன்.

வாய்மொழித் தேர்வில் சார் அந்த வரியில் நின்றார். தட்டு விவகாரத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒற்றை இடத்து இலக்கங்களைக் கூட்டுப்பா.”

நாற்பத்தேழு.

“இரட்டை இடத்துல இருக்கறதை?”

அதுவும் நாற்பத்தேழு.

“முதல் இடத்து ஏழு இருபதாவது இடத்துல திரும்ப வருது. ரெண்டாவது பத்தொன்பதாவதுல. ஒவ்வொரு ஒற்றை இடத்துக்கும் ஜோடி ஓர் இரட்டை இடம். ரெண்டு கூட்டலும் சமமா வந்தா அது பதினொண்ணால வகுபடும். இருபது இலக்கத்துல இப்படி எதை எழுதினாலும் தப்பிக்கவே முடியாது.”

பின்பெஞ்சிலிருந்து நண்பன் கத்தினான்: “மச்சான், ஒங்கம்மா கரெக்டா அதையே புடிச்சிருக்காங்கடா!”

சிரிப்பு அடங்கியதும் சார் சொன்னார்: “நடுவுல ஓர் இலக்கம் சேர்த்து இருபத்தொண்ணு ஆக்கு. முதல்லேருந்து வகு. ரெண்டு வாரம் டைம்.”

வீட்டுக்குள் நுழைந்ததும், “பாஸா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. பதினொண்ணால மீதியில்லாம போயிடுச்சு.”

“மீதியே இல்லையா!” தட்டு விஷயத்தில் ஒரு குறையும் மிச்சமில்லை என்று அவளுக்கு ஏக சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டுக்கே போன் போட்டுச் சொன்னாள். பிறகுதான் புது நோட்டைப் பார்த்தாள். “இது இன்னாத்துக்கு?”

“இப்ப இருபத்தொரு இலக்கம்மா.”

“கல்யாணத்துக்கு இருபத்தொரு தட்டுடா. அத்தால மட்டும் பிரிச்சிடாத!”

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மூன்றால் வகுபடாத எண் இருபத்தொன்றாலும் வகுபடாது. அதைத் தொடவே வேண்டியதில்லை. சுவரில் ஆணி காலியாக இருந்தது. மூன்றிலிருந்து ஆரம்பித்தேன்.