ஈரம் படாத படம்

என்னை மேடையில் அறிமுகம் செய்கிறவர்கள் "எழுதிக் குவித்தவர்" என்பார்கள். குவித்தது என்ன என்று எனக்குத்தான் தெரியும். கோழி வளர்ப்பு, கிணற்றுப் பாசனம், அம்மைத் தடுப்பு, தந்தி வேலைக்குப் படிப்பது எப்படி என்று பதிப்பாளர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எள் என்றால் எண்ணெயாக நின்றேன். நடுவில் சினிமாக் கேமராவையும் கற்றுக்கொண்டு, டீ குடிக்கச் சொல்லியும் சோப்புப் போடச் சொல்லியும் விளம்பரப் படங்கள் எடுத்தேன். படம் பிடிக்கும் கலை பற்றிக்கூட எளிய தமிழில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன். இத்தனையிலும் நானாக ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஆசை பேளுக்குறிச்சிச் சந்தையில் பிடித்தது. டீ விளம்பரத்துக்காகப் போயிருந்தேன். கொல்லிமலைக்காரர்கள் மிளகும் பலாவும் தலைச்சுமையாக இறக்கி வந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார்கள். இவர்கள் இறங்கி வருவதைத்தான் ஊர் பார்க்கிறது, மேலே போய் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒருவரும் பார்த்ததில்லை. அதை ஒரு விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் படமாக எடுத்துவிட்டால் நான் பிறந்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று பட்டது. விளம்பர வேலைகளில் மிச்சம் பிடித்துப் பல வருஷம் பிலிம் சேர்த்தேன். அதற்குள் யுத்தம் வந்து, புதுப் பிலிம் கண்ணில் காணக் கிடைக்காமல் போயிற்று. கையில் இருந்தது ஒரு படத்துக்குத்தான் வரும். தப்பினால் மறுபடி கிடையாது.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்து ஏறினேன். மேலே பெரக்கரை நாடு என்கிற பகுதியில் சாமை விதைக்கும் ஒரு குடியானவரும் அவர் மனைவியும் தங்க இடம் கொடுத்தார்கள். இருவரும் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

"எங்களையெல்லாம் பாக்கறதுக்கு எவனுங்க காசு குடுப்பான்?" என்று குடியானவர் சிரிப்பார்.

"காசு குடுக்காம மொதல்ல நீங்கதான் பாக்கப் போறீங்க. சந்தையில திரை கட்டிக் காட்டறேன்."

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. "சொமையோட நடக்கறப்ப பின்னாடி இருந்து பாத்தா நான் எப்படி இருப்பேன்னு பாக்கோணுமுங்க. மத்தவங்களத்தான் பாத்திருக்கறேன்." மிளகு மூட்டையோடு அவர் சரிவில் இறங்குவதை மறைந்திருந்து எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல காட்சி அதுதான்.

பிடித்த பிலிமை அவ்வப்போது சென்னைக்கு அனுப்பிக் கழுவியிருக்க வேண்டும். ஆனால் அது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம். ரயிலையும் நம்ப முடியவில்லை. எல்லாவற்றையும் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் அடைத்து, கறுப்பு நாடா ஒட்டி, அவர்கள் வீட்டிலேயே வைத்திருந்தேன்.

மலையில் ஈரத்தோடு ஓயாத சண்டை. விதையானாலும் துணியானாலும் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பார்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். என் டப்பாக்களையும் அங்கே ஏற்ற வந்தார் அந்த அம்மா. நான் பதறிப்போய்த் தடுத்தேன். அந்தக் காலத்துப் பிலிம் ஒரு பொறி பட்டால் வீட்டையே கொளுத்திவிடும். அதனால் வீட்டிலேயே என் சாமான்கள் மட்டும் குளிர்ந்த மூலையில் கிடந்தன. நானும் தினம் தினம் அவற்றைத் தடவிப் பார்த்து "ஈரம் பட்டா எல்லாம் போச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கழுவாத பிலிமில் துளி வெளிச்சம் பட்டாலும் படம் அழிந்துவிடும் என்று என் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சாமை அறுப்பையும் எடுத்து முடித்தேன். இறங்க வேண்டியதுதான் பாக்கி, மலைக் காய்ச்சல் கண்டுவிட்டது. நினைவு தப்பிக் கிடந்தேன். ஜன்னியில்கூட ஈரம், ஈரம் என்றுதான் பிதற்றினேனாம். அடைமழை விட்டு ஒருநாள் சுள்ளென்று வெயில் அடித்திருக்கிறது.

கண் விழித்தபோது அந்த அம்மா கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"உங்க சாமானப் பத்தி இனிக் கவலைப்படாதீங்க சாமி. எல்லாத்தையும் பாறையில விரிச்சுக் காய வெச்சுட்டோம். கோழி, ஆடு அண்டாம நாங்க மாத்தி மாத்தி காவல் இருந்தமுங்க. கறுப்புக் காகிதம் நமுத்துக் கெடந்துச்சு. அதைய எறிஞ்சுபோட்டு வெள்ளைத் துணியில சுத்தி வெச்சிருக்கறேன்."

நான் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். மற்றவர்களுக்குத் தாழியை உடைத்தவர்கள் மீது கோபப்படவாவது முடிகிறது. எனக்கு அதற்கும் வழியில்லை. எடுத்துப் பார்த்தேன். சுருள் பிசகாமல், ஒரு கீறல் விழாமல் சுற்றி வைத்திருந்தார்கள்.

பட்டணத்தில் கழுவிப் பார்த்ததில் முழுக்கக் கறுப்பு. யார் டப்பாவைத் திறந்தது என்று கழுவியவர்கள் கேட்டார்கள். நான்தான் என்றேன். அதற்கப்புறம் பல மாதம் எதற்காகக் காலையில் எழுந்திருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்தேன். தேனீ வளர்ப்பு பற்றிப் புத்தகம் கேட்டுப் பதிப்பாளர் ஆள் அனுப்பினார். உட்கார்ந்து அதை எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதியது.

மலைக்குப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? யுத்தம் முடிந்த பிறகு வேறொரு வேலையாகப் பேளுக்குறிச்சிக்குப் போனபோது, சந்தையில் அந்தக் குடியானவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. குடும்பம், உடம்பு என்று எல்லாம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நீங்க வராததுலயே தெரிஞ்சுபோச்சுங்க, படம் கெட்டுப்போச்சுன்னு. அன்னிக்கு உச்சி சாஞ்சதும் மூட்டம் போட்டுருச்சு. இன்னொரு நா வெயில்ல போட்டிருக்கோணும், நாங்கதான் அவசரப்பட்டு எடுத்துட்டோம். ஊட்டுல அவ இன்னமும் அதையே சொல்லிச் சொல்லி அழுவறாளுங்க. வெயில் பத்தாமப் போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா," என்றேன். "வெயில் போதுமான அளவு இருந்துச்சுங்க."

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சுமையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார்.