பள்ளத்தின் தலைமாட்டில் ஒரு நாற்காலி

மார்லிஸ் பிரெக்கி முப்பத்தோரு வருடமாகப் பால் லாரி ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்பே பண்ணை பண்ணையாக ஏறி, தொட்டியில் பாலை ஏற்றிக்கொண்டு, மேற்கு விஸ்கான்சின் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்ச் சீஸ் ஆலையில் இறக்க வேண்டும். தொட்டி பாதி நிரம்பியிருந்தால் பால் முன்னும் பின்னும் அலையடித்து லாரியையே தள்ளும். அதனால் எந்த நிலத்தைப் பார்த்தாலும் ஏற்றம் எங்கே குறைவு, இறக்கம் எங்கே குறைவு என்றுதான் அவள் கண் முதலில் போகும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசல் சரிவைத்தான் பார்ப்பாள் என்று அவள் கணவன் டுவேன் ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பான். மார்ச் மாதம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆகஸ்டுக்குள் தடியூன்றி நடந்தான், குழறலாகப் பேசினான். டாக்டர்களுக்குத் திருப்தி. அவனுக்கு இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "துப்பாக்கிய தம்பி ரோலிக்குக் குடுத்துரு. எனக்கு இனிமே எதுக்கு?" என்றான்.

அந்தப் பள்ளத்தாக்கில் இப்படிப் பேசுகிறவன் பிழைக்க விருப்பமில்லாதவன் என்று அர்த்தம். நவம்பரில் ஒன்பது நாள் மான் வேட்டைக்குக் காட்டைத் திறந்துவிடுவார்கள். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார், பள்ளிக்கூடத்தில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். வேட்டைக்குப் போகாத ஆண்பிள்ளை ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை வயசான காலத்தில் வெயில் தேடி அரிசோனாவுக்குக் குடிபோயிருக்க வேண்டும். டுவேனோடு சேர்த்துப் பிரெக்கி சகோதரர்கள் மூன்று பேருக்கும் குடும்பக் காட்டில் ஆளுக்கொரு பரண் உண்டு. டுவேனின் பரண் உச்சியில், இரண்டு குன்றுகள் சேரும் கணவாயில் இருந்தது. நல்ல கால் உள்ளவனுக்கே அரைமணி நேர ஏற்றம்.

தம்பி ரோலி நல்ல மனசுக்காரன். நல்ல மனசுக்காரர்களால் வருகிற தொல்லை தனி. செப்டம்பரில் வந்து உட்கார்ந்து, காபியை ஊதிக்கொண்டே யோசனை சொன்னான்.

"நீ பிக்கப் வண்டிய ரோட்டோரமா போட்டுட்டு ஹீட்டர வச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்துக்க. அதுக்கு ஊனமுற்றவங்க சீட்டு தர்றாங்க. நாங்க மேல இருந்து வெரட்டி விடுறோம், உன் மூக்குக்கு முன்னால வந்து நிக்கும்."

 அன்று ராத்திரி டுவேன் சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை. மார்லிஸுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு மான் வேண்டியதில்லை. மான் தானாக நடந்து வருகிற இடத்தில், மற்றவர்களைப் போல வேட்டைக்காரனாக உட்கார வேண்டும். அந்த இடம் அவன் கால் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அப்படியொரு இடம் கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் ஜன்னலோர நாற்காலியிலேயே கரைந்துபோவான் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

பால் இறக்கிவிட்டு வந்த பிறகு மத்தியானங்களில் காட்டில் நடக்க ஆரம்பித்தாள். அவள் துப்பாக்கி தொட்டதில்லை, ஆனால் சுமையோடு போகிறவர்களின் புத்தி தெரியும். துரத்த ஆள் இல்லாதபோது மானும் பால் லாரியும் ஒரே ஜாதி. இரண்டும் சுலபமான வழியில்தான் போகும். கீழே மக்காச்சோள வயலில் ராத்திரி முழுக்க மேய்ந்த மான்கள் விடிந்ததும் எதிர்ச் சரிவின் ஓக் மரங்களுக்குள் படுக்கப் போகின்றன. நடுவில் பழைய வெள்ளங்கள் அரித்த பெரிய பள்ளம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி, வீட்டு உயரத்துக்கு ஆழம். எந்த மானும் அதில் இறங்கி ஏறாது, மேலே போய் அதன் தலையை, அது தொடங்கும் மேல்முனையை, சுற்றிக்கொண்டுதான் வரும். அந்தத் தலைக்கும் பாறை முகட்டுக்கும் இடையே ஐம்பது அடி அகலத்தில் ஒரு கழுத்து. வாய்க்கால் மாதிரி ஒடுங்கிய அந்த மண்ணில் குளம்புத் தடம் அங்குலம் விடாமல் பதிந்து கிடந்தது.

பழைய வைக்கோல் வண்டித் தடம் ஒன்று பள்ளத்தின் விளிம்போடு கிட்டத்தட்ட அதுவரைக்கும் ஏறியது. பிக்கப்பை அதில் ஓட்டிவந்தால் கடைசி இருநூறு அடிதான் நடக்க வேண்டும், அதுவும் சமதரை.

ரோலி கேட்டதும் சிரித்தான். "அங்கயா? பக்கத்து வைக்கோல் வயல்ல டிராக்டர் சத்தம். ஒரு மரத்துலயாவது கொம்பு உரசின தடம் உண்டா? என் பரணைச் சுத்தி வந்து பாரு, பன்னெண்டு மரம்!"

"ராத்திரி வந்து உரசிட்டுப் போற மானுக்கு நீ காலைல போயி காவல் இருக்க" என்றாள் மார்லிஸ். "மூணு வருஷமா உன் மரத்துக்குத்தான் காயம், மானுக்கு இல்ல."

ரோலி காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துப்பாக்கி இல்லாமல், டுவேனை அங்கே கூட்டிப்போனாள். சும்மா காற்று வாங்கத்தான் என்றாள். அவனும் நம்பின மாதிரி வந்தான். மார்லிஸ் மடக்கு நாற்காலியைப் பள்ளத்து விளிம்பிலிருந்து நாற்பது அடி மேலே, பாறை முகட்டை ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் ரோடு தெரிந்தால்தான் லாரிக்காரிக்கு நிம்மதி.

எட்டு மணிக்குப் பெண் மான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு கழுத்துக்குள் வந்தது. சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கிப் புஸ்ஸென்று சீறிவிட்டு, வாலை வெள்ளைக்கொடியாகத் தூக்கிக்கொண்டு ஓடியது.

 இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் மார்லிஸ்தான். டுவேனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"மார்லி" என்றான் டுவேன். "நாற்காலிய தப்பா போட்டிருக்க."

"என்ன தப்பு? நல்லா தெரியுதே!"

"நமக்கு நல்லா தெரியுது. அதுக்கு நல்லா மணக்குது." சட்டைப்பையில் இடது கையை விட்டு, எருக்கம் பஞ்சு போலப் பறக்கிற பால்செடிப் பஞ்சில் ஒரு நூலை எடுத்துக் காற்றில் விட்டான். அது மெதுவாக அவர்களைவிட்டு நழுவி, மான் வரும் வழிக்குக் குறுக்கே மிதந்து, பள்ளத்துக்குள் இறங்கியது. "காலைல குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி கீழதான் ஓடும். நம்ம வாசனைய அள்ளிக்கிட்டு அது வழியிலயே கொட்டுது. கீழ, பள்ளத்து விளிம்புலேயே உக்காந்தா வாசனை நேரா பள்ளத்துக்குள்ள போயிரும். அங்க மூக்கு வச்சிருக்கவன் எவன்? வெயில் ஏறி காத்து திரும்புற வரைக்கும், ஒம்பது மணி வரைக்கும், கவலையே இல்ல."

மார்ச்சுக்குப் பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அந்தப் பஞ்சை எப்போது பறித்துப் பையில் வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. சண்டைக்கு நிற்கிற குரலில், "அப்ப நீயே சொல்லித் தொலை, எங்க போடணும்?" என்றாள்.

"நாப்பது அடி கீழ. எனக்கும் நடை மிச்சம், அது வேற."

அன்று மத்தியானமே துப்பாக்கியைக் கேட்டான். முக்காலியில் தாங்கவைத்து, இடது தோளில் அணைத்து, தினமும் பலகைக் குறியைச் சுட்டுப் பழகினான். முதல் வாரம் பலகைக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. நாலாவது வாரம் ஐந்துக்கு நாலு விழுந்தது.

வேட்டை திறந்த சனிக்கிழமை, ஆரஞ்சுக் கோட்டு போட்டு இருவரும் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பனி இறுகி இலையெல்லாம் நொறுங்கியது. ஏழரைக்கு ஒரு பெண் மானும் இரண்டு குட்டிகளும் கழுத்துக்குள் நுழைந்து, இவர்களை ஏறிட்டும் பாராமல் கடந்தன. பின்னாலேயே தலையைத் தாழ்த்தி, மோப்பம் பிடித்தபடி எட்டு முனைக் கொம்பு மான் வந்தது. முப்பது கஜத்தில் நின்றது.  டுவேனின் இடது விரல் சத்தமில்லாமல் வளைந்தது.

குண்டு மானின் முதுகுக்கு மேலே போய் முகட்டுப் பாறையில் பட்டது. மான் ஒரே தாவலில் போயே போய்விட்டது. ரத்தம் இருக்கிறதா என்று மார்லிஸ் அரைமணி நேரம் தேடினாள். ஒரு மயிர்கூட இல்லை.

மத்தியானம் சகோதரர்களின் வேட்டைக் குடிசையில் மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பு கொதித்தது. விஷயம் தெரிந்ததும் குரல்கள் எல்லாம் பஞ்சாகிவிட்டன. "பரவால்லடா, இடது கை தானே" என்றான் மூத்தவன் கெர்மிட். "அங்க மான் வந்ததே பெருசு" என்றான் ரோலி, அதையும் மனதாரச் சொன்னான். ஒருத்தன் அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், இன்னொருத்தன் தட்டு வைத்தான். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. டுவேனின் முகம் இறுகிக்கொண்டே போவதை மார்லிஸ் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் கைவிட்டுப் போகப்போகிறது என்று அவளுக்குப் பட்டது.

டுவேன் தடியைத் தரையில் ஓங்கித் தட்டினான். "கத்திரி எங்கடா?"

யாரும் அசையவில்லை. குறி தப்பியவனின் சட்டை வாலை வெட்டிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவது அந்தக் குடிசையின் சட்டம். கெர்மிட்டுக்கு நாலு உண்டு, ரோலிக்குப் பதினொன்று.

"டுவேன், உனக்கு உடம்பு..." என்று இழுத்தான் ரோலி.

"உடம்பா தப்ப விட்டுச்சு? நான் விட்டேன். முப்பது கஜத்துல, நின்ன மான! நீ தப்ப விட்டா நான் உன்ன சும்மா விடுவனா?" கோட்டைக் கழற்ற முடியாமல் இடது கையால் இழுத்துக்கொண்டே, "வெட்டுறா!" என்று கத்தினான்.

ரோலி கத்திரியை எடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் பழையபடி திறந்துகொண்டது. "நின்ன மான தப்ப விட்ட ஒரே பிரெக்கி நீதான்டா! பொட்டிக்கடைக்காரன்கூட சுட்டிருப்பான்!" என்று சொல்லி, புதுச் சட்டை என்றுகூடப் பார்க்காமல், ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்தான். கெர்மிட் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்தான். இருக்கிற ஏச்சையெல்லாம் இரண்டு பேரும் டுவேன் தலையில் கொட்டினார்கள். அவனும் விடாமல் குழறிக் குழறித் திருப்பிக் கொடுத்தான்.

மார்லிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். ஆணியை அவள்தான் பிடித்தாள், சுத்தியலை டுவேன் இடது கையால் இறக்கினான். இரண்டு தரம் அவள் விரலில் விழுந்தது.

"நாளைக்கும் போறோம்" என்றான் அவளிடம். "அஞ்சு மணிக்கு எழுப்பு. தூங்கிட்டேன்னு பாவம் பாத்து விட்டுறாத."